ரிட் கிடையாதா அங்கே?

2021 மே 1, சனிக்கிழமை காலை. லால்குடி வீட்டுக் கூடத்தில் அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிவியில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் மறுநாள் வாக்கு எண்ணிக்கை பற்றித்தான் பேச்சு. மெல்பர்னிலிருந்து மனைவி ஒரு செய்தியை அனுப்பி, கீழே "படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டிருந்தாள். கடந்த 14 நாட்களில் இந்தியாவில் இருந்த யாரும் மே 3 முதல் ஆஸ்திரேலியாவுக்குள் நுழையக் கூடாது. மீறினால் 5 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 66,600 டாலர் அபராதம், அல்லது இரண்டும். குடிமக்களும் இதில் அடக்கம்.

மூன்று முறை படித்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. விமானம் இல்லை என்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். விமானம் நின்றது நான்கு நாட்களுக்கு முன்பே, இது வேறு என்றேன். "உன் நாட்டுக்கு நீ போனா ஜெயிலா?" என்றார். ஆமாம் சித்தப்பா என்றேன். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "சரி, கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானேப்பா? ரிட் கிடையாதா அங்கே?"

சித்தப்பா திருச்சியில் 38 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் கேஸ் கட்டைப் பிரிக்காமலேயே அது எந்த மாதிரி வழக்கு என்று சொல்லிவிடுவார். அரசின் செயலை எதிர்த்து நேராக ஹைகோர்ட்டில் ரிட் மனு போடுவதற்காக முதலில் மெட்ராஸுக்கும், 2004-இல் ஹைகோர்ட் கிளை வந்த பிறகு மதுரைக்கும் சீனியரின் கட்டுகளைச் சுமந்து அலைந்தவர். இந்திய அரசியல் சட்டப் பிரிவுகளான 21, 32, 226 என்ற எண்கள் அவர் வாயில் வீட்டுக் கதவு எண்கள் போல வரும். ஒரு அரசாங்கம் ஒரு மனிதனின் வழியை மறித்தால் அவன் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கதவு திறக்குமா என்பது வேறு விஷயம்.

"கோர்ட் இருக்கு சித்தப்பா, ரிட்டும் இருக்கு, ஆனா..." என்று ஆரம்பித்தேன். முடிக்கத் தெரியவில்லை. பதினான்கு வருஷமாக ஆஸ்திரேலியாவில் வாழ்கிறேன், ஒன்பது வருஷமாக அந்த நாட்டின் குடிமகன். அந்த வாக்கியத்தின் மறுபாதி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைத் தேடிப் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எது என் நாடு

நான் இந்தியாவுக்குப் போனதே அனுமதி வாங்கித்தான். 2020 மார்ச்சிலிருந்து ஆஸ்திரேலியக் குடிமக்கள் நாட்டை விட்டு வெளியே போகவும் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி இருந்தது. அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, மருத்துவச் சான்றுகளை இணைத்து விண்ணப்பித்தேன். கிடைத்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் வந்து சேர்ந்தேன். ஏப்ரல் 11 அன்று அப்பா போய்விட்டார். 26-ஆம் தேதி பதினாறாம் நாள் காரியம். மறுநாள், 27 அன்று, இந்தியாவிலிருந்து வரும் விமானங்களை மே 15 வரை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் இந்தியாவில் ஒரு நாளைக்கு மூன்றரை லட்சம் பேருக்குத் தொற்று. தெருவுக்கு ஒரு வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு யாரோ யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்கள். விமானத்தை நிறுத்தியது எனக்கு நியாயமாகவே பட்டது.

மே 1 அன்று வந்தது அப்படிப்பட்டதில்லை. விமானம் இல்லையென்றால் காத்திருக்கலாம். வேறு நாடு வழியாகச் சுற்றிப் போகலாம். ஐபிஎல் ஆட வந்திருந்த ஆஸ்திரேலிய வீரர்கள் போட்டி நின்றதும் மாலத்தீவுக்குப் போய்க் காத்திருந்தது நினைவிருக்கலாம். ஆனால் திரும்பி வருவதே குற்றம் என்று ஒரு அரசாங்கம் தன் குடிமக்களைப் பார்த்துச் சொல்லும்போது, அந்த மனிதனுக்கும் அந்த நாட்டுக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒன்று அறுந்துபோகிறது. அன்றைக்கு நாங்கள் ஏறத்தாழ 9,000 பேர் இந்தியாவில் இருந்தோம்.

இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிய வருஷமே என் இந்தியப் பாஸ்போர்ட்டைச் சரண்டர் செய்துவிட்டேன். ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள், அது இன்னும் அலமாரியில் இருக்கிறது. பிறகு வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை எடுத்தேன். அதனால், நான் பிறந்த வீட்டில், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் சட்டப்படி ஒரு வெளிநாட்டவன். எந்த நாட்டுக்குச் சட்டப்படி உள்நாட்டவனோ, அந்த நாட்டுக்குள் காலை வைத்தால் குற்றவாளி. அம்மா அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே, "இங்கேயே இருந்துட்டா என்னப்பா?" என்றாள். மகளுக்கு அப்போது ஆறு வயது. மெல்பர்னில் அவள் ஒவ்வொரு நாளும் காலண்டரில் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

குடியுரிமை விழாவில் நாங்கள் எடுத்துக்கொண்ட உறுதிமொழி அந்த நாட்களில் அடிக்கடி ஞாபகம் வந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும் விசுவாசமாக இருப்பேன், அவர்களுடைய உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பேன், சட்டங்களைக் காப்பேன் என்று கையைத் தூக்கிச் சொன்னோம். அப்புறம் ஒரு செடி கொடுத்தார்கள், தேநீர் குடித்தோம். அந்த உரிமைகளும் சுதந்திரங்களும் எங்கே எழுதியிருக்கின்றன என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இந்தியாவில் படித்தவனுக்கு அது தோன்றாது. குடிமையியல் புத்தகத்தில் அடிப்படை உரிமைகளை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். எல்லா நாட்டிலும் அப்படி ஒரு பக்கம் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மே 10

பெங்களூரில் சிக்கியிருந்த 73 வயது ஆஸ்திரேலியர் ஒருவர் சிட்னியில் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டார் என்ற செய்தி வந்ததும் சித்தப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார். தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு தொடங்கிய நாள் மே 10. அன்றைக்கே தீர்ப்பும் வந்தது. வழக்கின் முதல் பகுதி தள்ளுபடி. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் தீர்ப்பைத் திறந்து, ஒவ்வொரு பத்தியாகச் சித்தப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். இவ்வளவு வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

குடிமகன் தன் நாட்டுக்குத் திரும்பி வரும் உரிமை ஆங்கிலேயர் வழிவந்த பொதுச் சட்டத்திலேயே இருக்கிறது, தெளிவான சொற்களால் அல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்பது பெரியவரின் வாதங்களில் ஒன்று. நீதிபதி அதை அலட்சியமாகத் தள்ளவில்லை. ஆனால் இந்தத் தடைக்கு ஆதாரமான 2015-ஆம் வருஷத்து உயிர்ப்பாதுகாப்புச் சட்டத்தை (Biosecurity Act) எழுதியபோது, அந்த உரிமையையும் மீறிச் செல்ல நாடாளுமன்றம் எண்ணியிருந்தது சட்டத்தின் வாசகத்திலிருந்தே தெளிவாகத் தெரிகிறது என்று முடித்தார். அவ்வளவுதான். தடை சரியா, இவ்வளவு கடுமை தேவையா, சிறைத் தண்டனை எதற்கு, வேறு வழி இருந்ததா என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் வேலை அந்த நீதிமன்றத்துக்கு இல்லவே இல்லை.

சட்டத்தில் ஒரு சின்னக் கட்டுப்பாடு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சூழ்நிலைக்குத் தேவையானதைவிட அதிகக் கட்டுப்பாடு விதிக்கவில்லை என்று சுகாதார அமைச்சர் திருப்திப்பட வேண்டும். படித்ததும் சித்தப்பா நிறுத்தச் சொன்னார். "யார் திருப்திப்படணும்?" அமைச்சர். "உத்தரவு போடறது யாரு?" அமைச்சர்தான். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த உத்தரவை நாடாளுமன்றத்தின் ஏதாவது ஓர் அவை நிராகரிக்கலாம் என்ற வழக்கமான வழியும் இந்தச் சட்டத்தில் அடைக்கப்பட்டிருந்தது. ஒரு சட்டமோ விதியோ மனித உரிமைகளோடு ஒத்துப்போகிறதா என்று விளக்க அறிக்கை வைக்க வேண்டும் என 2011-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் அவை நிராகரிக்க முடியாத இந்த வகை உத்தரவுகளுக்கு அந்த அறிக்கையும் கட்டாயமில்லை. ஆக, 9,000 பேரின் வீட்டு வாசலை மூடும்போது, அது அவர்களின் உரிமைகளோடு எப்படி ஒத்துப்போகிறது என்று எழுதிவைக்க வேண்டிய சட்டக் கடமை யாருக்கும் இல்லை.

எனக்குள் ஏதோ ஒன்று திரும்பியது அந்தத் திண்ணையில்தான். அதுவரை என் கோபம் தடையின் மேல் இருந்தது. தீர்ப்பைப் படித்து முடித்தபோது அது இடம் மாறிவிட்டது. தடை தவறாகவே இருந்திருக்க வேண்டும் என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். தனிமை முகாம்களில் இடம் குறைவு, இந்தியாவிலிருந்து வருபவர்களில் தொற்று உள்ளவர்கள் அதிகம் என்று அரசு சொன்னது பொய்யில்லை. ஆனால் அதே வருஷம் ஜனவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் தொற்றில் தத்தளித்தபோது அங்கிருந்து திரும்பிய குடிமக்களைச் சிறை காட்டி யாரும் தடுக்கவில்லை. ஏன் அப்போது இல்லை, ஏன் இப்போது? இதற்கு நல்ல பதில் இருந்திருக்கலாம். அந்தப் பதிலைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கண்டனம் பெருகியதும் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, யாரும் சிறைக்குப் போக வாய்ப்பு அநேகமாக இல்லை என்றார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அதைக் கேட்டபோதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. ஜெயிலில் போடலாம், ஆனால் போடமாட்டோம் என்பது தயவு. ஊர்ப்பக்கம் பண்ணையார்கள் அப்படித்தான் பேசுவார்கள். தயவில் வாழ்வது எப்படியிருக்கும் என்று எங்கள் தாத்தா தலைமுறைக்கு நன்றாகத் தெரியும்.

சித்தப்பாவிடம் அன்றைக்கு முழு வாக்கியத்தையும் சொன்னேன். ரிட் இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 75-ஆம் பிரிவே அதற்கு வழி செய்கிறது. அதிகாரி தன் அதிகார எல்லையைத் தாண்டினால் நீதிமன்றம் பிடித்து நிறுத்தும். ஆனால் அந்த எல்லையே மிகப் பெரியதாக இருந்தால், அதற்குள் ஒரு மனிதனுக்கு என்ன செய்யக் கூடாது என்று தேசிய அளவில் எங்கும் எழுதியில்லை. ரிட்டை மாட்ட ஆணி இல்லை. "அப்போ கட்டு இருக்கு, உள்ளே காகிதம் இல்லை" என்றார் அவர்.

ஆல்ஃபிரட் தெரு, 33

ஜூன் கடைசியில் டார்வினுக்குப் போகும் மீட்பு விமானம் ஒன்றில் இடம் கிடைத்தது. ஹோவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில் 14 நாள் தனிமை. அங்கே தகர அறையின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, மெல்பர்னில் முந்தைய வருஷம் நடந்த ஒன்றைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எங்கள் ஊரிலேயே நடந்தது. நடந்தபோது பரிதாபப்பட்டுவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலையில் விழும்வரை அதன் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

2020 ஜூலை 4, சனிக்கிழமை மாலை. ஃபிளெமிங்டன், நார்த் மெல்பர்ன் பகுதிகளில் உள்ள ஒன்பது அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் யாரும் வெளியே வரக் கூடாது என்று விக்டோரிய மாநில அரசு அறிவித்தது. அந்த நிமிடத்திலிருந்தே அமல். அங்கே இருந்த சுமார் 3,000 பேரில் பலருக்கு, கீழே போலீஸ் நிற்பதைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. பெரும்பாலானோர் புலம்பெயர்ந்து வந்தவர்கள். சிலர் ராணுவச் சீருடையைப் பார்த்து ஓடித் தப்பி வந்தவர்கள். எட்டுக் கட்டடங்களை ஐந்து நாளில் திறந்தார்கள். ஆல்ஃபிரட் தெரு 33-ஆம் எண் கட்டடத்தில் இரண்டு வாரம்.

விக்டோரியாவில் 2006-இலிருந்து ஒரு மனித உரிமைச் சாசனம் இருக்கிறது. கான்பெராவை உள்ளடக்கிய தலைநகரப் பிரதேசத்தில் 2004-இலிருந்தும், குவீன்ஸ்லாந்தில் 2019-இலிருந்தும் அப்படிப்பட்ட சட்டம் உண்டு. மற்ற மாநிலங்களில் இல்லை, நாடு முழுவதற்கும் இல்லை. விக்டோரியாவின் சாசனம் சொல்வது எளிமையானதுதான். அரசு அலுவலர் யாராக இருந்தாலும் முடிவெடுக்கும்போது இந்த உரிமைகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். உரிமையைக் குறைக்கலாம், ஆனால் எதற்காக, எவ்வளவு, இதைவிடக் குறைவாகப் பாதிக்கும் வழி உண்டா என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்.

அந்தச் சாசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாநிலத்தின் ஆம்புட்ஸ்மேன், அதாவது அரசுத் துறைகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி, டெபோரா கிளாஸ் விசாரித்தார். 2020 டிசம்பரில் அறிக்கை வந்தது. கட்டடத்தைத் தனிமைப்படுத்தியது தேவையாக இருந்தது, ஆனால் முன்னறிவிப்பே இல்லாமல் அந்த நிமிடமே பூட்டியதற்குப் பொதுச் சுகாதாரக் காரணம் இல்லை, அது மனித உரிமைகளுக்கு இணங்கவில்லை என்று எழுதினார். உத்தரவில் கையெழுத்திட வேண்டிய சுகாதார அதிகாரிக்கு, அது மக்களின் உரிமைகளை எப்படிப் பாதிக்கும் என்று யோசிக்கக் கிடைத்த நேரம் சுமார் 15 நிமிடம் என்பதும் அந்த அறிக்கையில்தான் வெளியே வந்தது.

சாசனம் இருந்தும் பூட்டு விழுந்ததே என்று கேட்கலாம். விழுந்தது. அரசு மன்னிப்புக் கேட்கவும் மறுத்தது. 2023-இல் குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கு 50 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. ஆனால் அந்த 15 நிமிடம் இருக்கிறதே, அது எனக்குச் சாதாரணமான விஷயமாகப் படவில்லை. யோசிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால்தான், யோசிக்க நேரம் கொடுக்கவில்லை என்பது ஒரு குற்றச்சாட்டாகவே ஆனது. எங்கள் விஷயத்தில் எத்தனை நிமிடம் யோசித்தார்கள் என்று கேட்கச் சட்டத்தில் யாருக்கும் பிடி இல்லை.

இதே சாசனம் வேறு ஒரு சமயம் இன்னும் உறுதியாக நின்றிருக்கிறது. 2016 நவம்பரில் மெல்பர்னின் சிறார் காப்பகத்தில் கலவரம் நடந்த பின், பையன்கள் சிலரை பார்வன் என்ற பெரியவர்களின் உயர்பாதுகாப்புச் சிறைக்கு மாற்றினார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. அரசு புதிதாக ஒரு உத்தரவு போட்டு அங்கேயே வைத்தது. 2017 மே மாதம் நீதிமன்றம் மறுபடியும், சாசனத்தைக் காட்டி, சட்டவிரோதம் என்றது. பையன்களை வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. அவர்கள் தப்பே செய்யாத பிள்ளைகள் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காகவும் நின்றதால்தான் அந்தக் காகிதத்தின் மேல் எனக்கு மரியாதை.

கடலுக்கு அந்தப் பக்கம்

நியூசிலாந்தில் 1990-இலிருந்து ஓர் உரிமைச் சட்டம் இருக்கிறது. சாதாரணச் சட்டம்தான். நாடாளுமன்றம் நினைத்தால் மாற்றலாம். சட்டங்களைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் அதில் நீதிமன்றத்துக்கு இல்லை. ஆனால் 18-ஆம் பிரிவில், நியூசிலாந்துக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் நியூசிலாந்துக்குள் நுழையும் உரிமை உண்டு என்று ஒரே ஒரு வரி இருக்கிறது.

அவர்களும் எல்லையை மூடினார்கள். 2021 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வருபவர்களை, குடிமக்கள் உட்பட, இரண்டு வாரத்துக்கும் மேல் நிறுத்திவைத்தார்கள். பிறகு தனிமை முகாமில் இடம் ஒதுக்க இணையத்தில் குலுக்கல் முறை கொண்டுவந்தார்கள். பிரசவத்துக்குத் திரும்புகிறவரும் விடுமுறைக்குப் போய்வந்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். வெளிநாட்டில் சிக்கியவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2022 ஏப்ரலில் அவர்களுடைய ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னது. தனிமை முகாம் முறை நியாயமானது. ஆனால் யாருக்கு எவ்வளவு அவசரம், யார் எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறார்கள் என்று பார்க்காத குலுக்கல் முறை, 2021-இன் கடைசி மாதங்களில் குடிமக்கள் சிலரின் நுழைவு உரிமையை நியாயமின்றிக் கட்டுப்படுத்தியது.

இந்தத் தீர்ப்பைப் படித்த அன்று ராத்திரி லால்குடிக்கு போன் செய்தேன். அதே கொள்ளைநோய். ஏறக்குறைய அதே மாதிரி அரசாங்கம், அதே ஆங்கிலச் சட்ட மரபு. இடையில் மூன்று மணி நேர விமானப் பயணம். இங்கே நீதிபதியின் முன்னால் இருந்த கேள்வி, அமைச்சருக்கு அதிகாரம் உண்டா என்பது. அங்கே நீதிபதியின் முன்னால் இருந்த கேள்வி, செய்தது நியாயமா என்பது. அரசு பெரும்பகுதியில் ஜெயித்தும், தவறிய இடம் எது என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. சித்தப்பா கேட்டுவிட்டு, "ஒரு வரிதானே" என்றார். ஆமாம், ஒரு வரிதான்.

காகிதம் காப்பாற்றுமா

நாடு முழுவதற்கும் அப்படி ஓர் உரிமைச் சட்டம் வேண்டும் என்று மெல்பர்னில் நண்பர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே பதில். இந்த நாடு நன்றாகத்தானே ஓடுகிறது, இந்தியாவில் எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்களே, அங்கே என்ன கிழித்தார்கள்? இதை நான் லேசாகத் தள்ளிவிடுவதில்லை. சித்தப்பாவே இதைச் சொல்லியிருக்கிறார். 1976-இல் அவர் இருபது வயதுப் பையன், அப்போதுதான் ஆபீசில் சேர்ந்திருந்தார். நெருக்கடி நிலையில் ஆளைக் காரணமின்றிப் பிடித்துவைத்தாலும் நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்ன அன்று, சீனியர் கோட்டைக் கழற்றாமல் ராத்திரிவரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான 21-ஆம் பிரிவு அப்போதும் புத்தகத்தில் இருந்தது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி எச்.ஆர். கன்னா தலைமை நீதிபதி பதவியை இழந்தார். 1978-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 21-ஆம் பிரிவைக் காக்க நீதிமன்றம் போகும் உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கினார்கள். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த வழக்கில் அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று அறிவிக்கப்பட்டது. 41 வருஷம் ஆயிற்று. எழுதிவைத்த வரி ஒன்று இருந்ததால் திரும்பி வர ஓர் இடம் இருந்தது. 2004-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் உச்சம்), அடைக்கலம் கேட்டு வந்த, போக நாடில்லாத ஒருவரைக் காலவரையின்றி அடைத்துவைக்கலாம் என்று நான்குக்கு மூன்று என்று சொன்னது. பெரும்பான்மையில் இருந்த நீதிபதி மெக்ஹியூ அந்த மனிதனின் நிலையைத் துயரமானது என்றே எழுதினார். ஆனால் உரிமைச் சாசனம் இல்லாத நாட்டில், நாடாளுமன்றச் சட்டம் நியாயமா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்றார். அது மாற 2023 நவம்பர் வரை ஆயிற்று. அப்போதும் மாறியது நீதித்துறை அதிகாரத்தைப் பற்றிய ஒரு கோட்பாட்டின் வழியே. அந்த மனிதனின் சுதந்திரம் என்று நேராகப் பெயர் சொல்லி இல்லை.

தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் கையில் அதிகாரம் போய்விடும் என்பது இன்னொரு வாதம். லிபரல் கட்சியின் முன்னாள் பிரதமர் ஜான் ஹோவர்டும் லேபர் கட்சியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் பாப் காரும் இதில் ஒரே பக்கம். ஆனால் இப்போது பேசப்படும் தேசிய மனித உரிமைச் சட்டம் அரசியல் சட்டத் திருத்தம் இல்லை. நீதிமன்றம் எந்தச் சட்டத்தையும் ரத்து செய்ய முடியாது. நாடாளுமன்றம் விரும்பினால் உரிமையை மீறியும் சட்டம் போடலாம். குவீன்ஸ்லாந்து 2023-இல் சிறார் விஷயத்தில் இரண்டு முறை தன் சட்டத்தையே ஒதுக்கிவைத்து மீறியது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மீறுகிறோம் என்று அவையில் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது. செய்தித்தாள்கள் அப்படியே எழுதின.

ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று தேடினால் கிடைக்கும் விடை கசப்பானது. 1890-களில் அரசியல் சட்டம் தயாரானபோது, டாஸ்மேனியாவின் ஆண்ட்ரூ இங்கிலிஸ் கிளார்க், சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமப் பாதுகாப்பு என்ற வரியைச் சேர்க்கச் சொன்னார். 1898 மெல்பர்ன் மாநாட்டில் அது தோற்றது. சீனத் தொழிலாளர்களையும் மற்ற ஆசியர்களையும் சுரங்கத்திலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் விலக்கிவைக்கும் மாநிலச் சட்டங்கள் செல்லாமல் போய்விடும் என்று உறுப்பினர்கள் வெளிப்படையாகவே பயந்தார்கள். குடிமகன் என்ற சொல்லுக்குக்கூட அந்தச் சட்டத்தில் விளக்கம் இல்லை. அந்த வெற்றிடம் தற்செயலாக வந்ததில்லை. நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் விடப்பட்டது.

பிரேயர்

2009-இல் ஃபிராங்க் பிரென்னன் தலைமையில் ஒரு குழு நாடு முழுக்கக் கருத்துக் கேட்டு, 35,000-க்கும் மேற்பட்ட மனுக்களைப் பெற்று, தேசிய மனித உரிமைச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த வருஷம் அரசு வேண்டாம் என்றது. 2023-இல் மனித உரிமை ஆணையம் ஒரு முழு மாதிரியையே முன்வைத்தது. அதே வருஷம் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை தொடங்கியது. ரோபோடெட் விவகாரத்தில், கணினிக் கணக்கு ஒன்றை நம்பி, அரசு உதவித்தொகை வாங்கிய நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சட்டத்துக்குப் புறம்பாகக் கடன் கேட்டு நோட்டீஸ் அனுப்பிய கதையை அப்போதுதான் ராயல் கமிஷன் வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தது. நானும் ஒரு மனு எழுதினேன். ஐந்து பக்கம். அப்பா, பதினாறாம் நாள், மே 1, திண்ணை, எல்லாம் அதில் இருந்தது. அனுப்பும் முன் சித்தப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

முழுக்கக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்பார் என்று எதிர்பார்த்தேன். "பிரேயர் எங்கே?" என்றார். மனுவின் கடைசியில் கோர்ட்டிடம் என்ன கேட்கிறோம் என்று எழுதும் பகுதிக்கு அந்தப் பெயர். "இவ்வளவு சொல்லியிருக்கே. என்ன வேணும்னு ஒரு இடத்துலயும் கேக்கலையேப்பா. அழுதா மட்டும் போதாது. இன்னது வேணும்னு எழுதணும். இல்லேன்னா படிக்கிறவன் பாவம்னு சொல்லிட்டு அடுத்த கட்டைப் பிரிச்சுடுவான்." அன்று இரவு அவரே போனில் சொல்லச் சொல்ல, கடைசி வரியை எழுதினோம். என்னை என் நாட்டுக்குள் வரவிடாமல் தடுக்கும் முன், அது ஏன் தேவை, வேறு வழி ஏன் போதாது என்று எழுத்தில் பதில் சொல்லும் கடமை தடுப்பவருக்கு இருக்க வேண்டும்; அந்தப் பதில் சரிதானா என்று பார்க்கும் கடமை ஒரு நீதிமன்றத்துக்கு இருக்க வேண்டும்.

2024 மே 30 அன்று கூட்டுக்குழுவின் அறிக்கை வந்தது. தேசிய மனித உரிமைச் சட்டம் வேண்டும் என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் பரிந்துரைத்திருந்தார்கள். அன்றைக்கே லால்குடிக்குக் கூப்பிட்டேன். சித்தப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். இரண்டு முறை சத்தமாகச் சொன்னேன், கமிட்டி ஒத்துக்கொண்டுவிட்டது என்று.

"பரிந்துரைதானே?" என்றார். "ஆர்டர் எப்போ?"